புது காரின் 'பீப்' சத்தத்தோடு சண்டை போடாமல் பழகுவது எப்படி

புது கார் எடுத்து ஐந்தாவது நாள். பெருங்களத்தூர் தாண்டி தாம்பரம் பக்கமாக வந்துகொண்டிருக்கிறோம், இடது பக்கமிருந்து ஒரு பைக் குறுக்கே நுழைந்தது, நம் ஊரில் தினமும் நூறு தடவை நடக்கிற விஷயம்தான், நானும் வழக்கம்போல ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டேன், ஆனால் அதற்குள் கார் மீட்டரில் சிவப்பாக ஒரு படத்தைப் போட்டு, பீ பீ பீ என்று கத்தி, பிரேக்கையும் ஒரு வெட்டு வெட்டியது. பின்சீட்டில் அப்பா மடியில் வைத்திருந்த பூக்கூடை கவிழ்ந்தது. "வண்டி ஓட்டுறது நீயா, அதுவா?" என்றார். வீடு வந்ததும் முதல் வேலையாக செட்டிங்ஸுக்குள் போய், ஓட்டுபவருக்கு உதவ என்று வைத்திருக்கும் இந்த 'ஏடாஸ்' வசதிகள் எல்லாவற்றையும் அணைத்தேன்.

எட்டு மாதம் ஆகிறது. இப்போது ஒன்றே ஒன்றைத் தவிர எல்லாம் ஓடிக்கொண்டிருக்கிறது. இடையில் என்னென்ன செய்தேன் என்பதை எழுதினால் புதிதாக வண்டி எடுப்பவர்களுக்கு உதவும் என்று தோன்றியது, அதனால் இது.

ஏடாஸ் என்றால் என்னவென்று தெரியாதவர்களுக்கு இரண்டு வரி. முன்கண்ணாடியின் மேல்பகுதியில் ஒரு கேமரா, முன் பம்பரிலோ கிரில்லிலோ ஒரு ரேடார், சில வண்டிகளில் பின் பம்பரின் இரு மூலையிலும் இன்னும் இரண்டு. இவை பார்த்துச் சொல்வதை வைத்து கார் உங்களை எச்சரிக்கும், தேவைப்பட்டால் தானே பிரேக் போடும், ஸ்டியரிங்கை லேசாகத் திருப்பும். 2020-ல் குளோஸ்டர், 2021-ல் ஆஸ்டரும் எக்ஸ்யூவி700-ம், 2022-ல் சிட்டி ஹைபிரிட் என்று பெரிய வண்டிகளில் வந்துகொண்டிருந்தது, இப்போது வென்யூ, அமேஸ் வரைக்கும் இறங்கிவிட்டது. ஷோரூமில் சேல்ஸ் பையன் 'லெவல் 2 ஏடாஸ் சார்' என்று ஒரு மூச்சில் சொல்லிவிட்டு சன்ரூஃபைத் திறந்து காட்டப் போய்விடுவார். எப்படிப் பழகுவது என்பதை யாரும் சொல்லித் தருவதில்லை.

மொத்தமாக அணைக்காதீர்கள், பிரித்துப் பாருங்கள்

நான் செய்த முதல் தப்பு அதை ஒரே பொருளாக நினைத்தது. உண்மையில் உள்ளே ஐந்தாறு பேர் இருக்கிறார்கள், குணம் ஒவ்வொருவருக்கும் வேறு. ஆட்டோ பிரேக் என்பவர் பெரும்பாலும் வாயைத் திறக்கமாட்டார், ஆபத்து என்று நினைத்தால் மட்டும் குதிப்பார். மிர்ரரில் தெரியாத மூலையில் வண்டி வந்தால் சொல்லும் பிளைண்ட் ஸ்பாட் எச்சரிக்கை சைடு மிர்ரரில் ஒரு சின்ன விளக்கு, அவ்வளவுதான், யாருக்கும் அதோடு சண்டை வந்து நான் பார்த்ததில்லை. சாலைக்கோட்டைத் தாண்டினால் கத்தும் லேன் எச்சரிக்கைதான் ஓயாமல் பேசுகிறவர். முன்வண்டியோடு இடைவெளி விட்டுத் தானே வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் அடாப்டிவ் குரூஸ் நீங்கள் கூப்பிட்டால் மட்டும் வருவார். ஒருவர் தொல்லை தாங்காமல் நாம் எல்லோரையும் வீட்டைவிட்டுத் துரத்துகிறோம்.

இது நமக்கு மட்டும் உள்ள வியாதி இல்லை. அமெரிக்காவில் காப்பீட்டு நிறுவனங்கள் காசு போட்டு நடத்தும் ஐ.ஐ.எச்.எஸ். என்ற அமைப்பு, சில வருடங்களுக்கு முன் ஆட்களை டீலர் ஷாப்புகளுக்கு அனுப்பி, சர்வீஸுக்கு வந்து நிற்கும் கார்களில் எதெது ஆன், எதெது ஆஃப் என்று எட்டிப் பார்த்தது. ஓட்டுநரிடம் கேட்டால் எல்லோரும் 'பயன்படுத்துகிறேன்' என்றுதானே சொல்வார்கள், அதனால் நேராக வண்டியையே பார்த்துவிட்டார்கள். முன்மோதல் தடுப்பு 93 சதவீத வண்டிகளில் ஆனில் இருந்தது. லேன் சம்பந்தப்பட்டது வெறும் 51 சதவீதத்தில். சத்தம் போடுவதைவிட ஸ்டியரிங்கையோ சீட்டையோ அதிரவைக்கும் வகைகளை ஜனங்கள் அணைக்காமல் விட்டிருந்தார்கள் என்பதும் தெரிந்தது. நியாயம்தான், சீட் அதிர்ந்தால் எனக்கு மட்டும் தெரியும், பீப் அடித்தால் பின்சீட்டில் மாமியாருக்கும் தெரியும்.

எனவே முதல் வேலை, வண்டியை ஓரமாக நிறுத்தி, செட்டிங்ஸில் ஒவ்வொன்றையும் தனித்தனியாகப் பார்த்து எழுதிக்கொள்ளுங்கள். ஓடும்போது தடவிக்கொண்டிருக்காதீர்கள், விபத்தைத் தடுக்கும் கருவியைச் சரிசெய்யப் போய் விபத்து என்றால் கேவலம்.

ஆட்டோ பிரேக்: இதில் கைவைக்காதீர்கள்

மற்றதில் உங்கள் இஷ்டம், இதில் நான் கொஞ்சம் பிடிவாதமாகவே சொல்வேன். அதே ஐ.ஐ.எச்.எஸ். கணக்குப்படி ஆட்டோ பிரேக் உள்ள வண்டிகள் முன்னால் போகிற வண்டியின் பின்னால் போய் முட்டும் விபத்து சுமார் பாதியாகக் குறைகிறது. எச்சரிக்கை மட்டும் செய்து பிரேக் போடாத வகையில் 27 சதவீதம்தான். நம் ஊரில் இந்த வகை மோதல் எவ்வளவு என்றால், மத்திய அரசின் 2022 கணக்கில் நாட்டில் நடந்த விபத்துகளில் ஐந்தில் ஒன்றுக்கு மேல் பின்னால் வந்து இடித்தவை. அந்த வருடம் விபத்து எண்ணிக்கையில் தமிழ்நாடுதான் நாட்டிலேயே முதலிடம், 64,105.

பிரேக் முழுசாக நிறுத்தாவிட்டாலும் லாபம் உண்டு. 80-ல் போய் இடிக்க வேண்டியது 40-ல் இடித்தால் மோதலின் ஆற்றல் பாதியாக அல்ல, கால்வாசியாகக் குறைகிறது, பள்ளிக்கூடத்தில் படித்த அதே வேகத்தின் வர்க்கம்தான்.

சரி, ஆனால் அது தேவையில்லாமல் கத்துகிறதே? அதற்கு அணைப்பதைத் தவிர வேறு வழி இருக்கிறது. பெரும்பாலான வண்டிகளில் எச்சரிக்கை எப்போது வரவேண்டும் என்று ஒரு செட்டிங் இருக்கும்: சீக்கிரம், சாதாரணம், தாமதம் என்ற மாதிரி. டெலிவரியில் வரும்போது அது நடுவிலோ சீக்கிரத்திலோ இருக்கும். சென்னை, மதுரை மாதிரி ஊருக்குள் ஓட்டுகிறவர்கள் அதைத் 'தாமதம்' என்று மாற்றுங்கள். நாம் முன்வண்டியோடு விடும் இடைவெளி வெளிநாட்டுக்காரர்கள் விடுவதில் கால்வாசிகூட இருக்காது, அதனால் சீக்கிரத்தில் வைத்தால் அது புலி வருது புலி வருது என்று நாள் முழுக்கக் கத்தும், நிஜப் புலி வரும்போது நீங்கள் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டீர்கள். சத்தத்தின் அளவையும் ஒரு படி குறையுங்கள். இந்த இரண்டையும் மாற்றியதில் எனக்கு முக்கால்வாசிப் பிரச்சினை போய்விட்டது, அதற்கு இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை.

இன்னொரு விஷயம், இதைப் பலர் கவனிப்பதில்லை. பல வண்டிகளில் வண்டி வழுக்குவதைத் தடுக்கும் இஎஸ்சி பட்டனை அழுத்தி அணைத்தால் ஆட்டோ பிரேக்கும் கூடவே அணைந்துவிடும். மழையில் சேற்றில் சக்கரம் மாட்டியது என்று அணைத்துவிட்டு அப்படியே ஊருக்குக் கிளம்பாதீர்கள். மீட்டரில் மஞ்சள் விளக்கு எரிகிறதா என்று ஒரு பார்வை.

அது உண்மையிலேயே பிரேக் போடும்போது பயந்து ஸ்டியரிங்கை வெட்டாதீர்கள், பின்னால் பைக் இருக்கும். காலைப் பிரேக்கில் வையுங்கள், போதும். தவறாகப் பிடிக்கிறது என்று உறுதியாகத் தெரிந்தால் ஆக்சிலரேட்டரை அழுத்தினால் பெரும்பாலும் விட்டுவிடும், உங்கள் வண்டியின் கையேட்டில் அந்தப் பக்கத்தை மட்டுமாவது படியுங்கள். அப்புறம், தயவுசெய்து மச்சானை முன்னால் நிற்கவைத்து 'நிக்குதா பார்ப்போம்' என்று சோதிக்காதீர்கள். அட்டைப்பெட்டியை வைத்துச் சோதிப்பதும் வீண், அட்டையை ரேடார் கண்டுகொள்ளாமல் போகலாம், 'பாத்தியா வேலை செய்யல' என்று தப்பான முடிவுக்கு வருவீர்கள்.

லேன் சண்டையில் பாதி இண்டிகேட்டர் சண்டை

இதை ஒப்புக்கொள்ள எனக்கு ஒரு மாதம் ஆனது. லேன் எச்சரிக்கைக்கு நீங்கள் வேண்டுமென்றே லேன் மாறுகிறீர்களா, தூங்கி வழிந்து போகிறீர்களா என்று தெரிய ஒரே அடையாளம் இண்டிகேட்டர். போட்டால் வாயை மூடிக்கொள்ளும். போடாவிட்டால் கத்தும், லேன் அசிஸ்ட் இருந்தால் ஸ்டியரிங்கைத் திரும்ப இழுக்கும். ஒரு நாள் செங்கல்பட்டு வரை போய்வந்ததில் அது எத்தனை தடவை கத்தியது என்று மனைவியை எண்ணச் சொன்னேன். பதினேழு. அதில் பதினொன்றில் நான் இண்டிகேட்டர் போடவில்லை. "அது உங்களத் திட்டுது, நீங்க அதத் திட்டுறீங்க" என்றார். இருபது வருடமாக ஓட்டுகிறேன், லேன் மாற இண்டிகேட்டர் போடுவதில்லை என்பதே எனக்குத் தெரியாது, திரும்புவதற்கு மட்டும்தான் கை போகிறது.

மீதி ஆறும் அதன் தப்புதான், அதையும் சொல்லவேண்டும். சாலை விரிவாக்கம் நடக்கும் இடத்தில் பழைய வெள்ளைக் கோடு, புதிய கோடு இரண்டும் தெரியும், அது பழையதைப் பிடித்துக்கொள்ளும். பள்ளத்துக்கு ஒதுங்கினால் கத்தும். ஓரமாகச் சைக்கிளில் போகிறவருக்கு இடம்விட்டு நடுக்கோட்டை லேசாகத் தாண்டினால் கத்தும், அசிஸ்ட் இருந்தால் அவர் பக்கமாகவே தள்ளப் பார்க்கும், அது ஆபத்தும்கூட.

அதனால் என் யோசனை: ஊருக்குள்ளும் கிராமத்து ஒற்றைச் சாலையிலும் லேன் அசிஸ்ட் வேண்டாம், அணைத்துவிடுங்கள், குற்ற உணர்ச்சியே வேண்டாம். நான் ஆரம்பத்தில் சொன்ன அந்த ஒன்றே ஒன்று இதுதான். நாலுவழிச் சாலை ஏறியதும் போட்டுக்கொள்ளுங்கள். பெரும்பாலும் ஸ்டியரிங்கிலேயே அதற்கென ஒரு பட்டன் இருக்கும். பல வண்டிகளில் எப்படியும் 60-க்கு மேல் போனால்தான் அது வேலையே செய்யும், ஹோண்டா மாதிரி சிலவற்றில் 72. சத்தம் மட்டும் பிடிக்கவில்லை என்றால், அதிர்வு என்ற தேர்வு இருக்கிறதா என்று பாருங்கள், இருந்தால் அதற்கு மாறுங்கள்.

'ஸ்டியரிங்கைப் பிடியுங்கள்' என்று அடிக்கடி வரும் எச்சரிக்கை இன்னொரு எரிச்சல். கை ஸ்டியரிங்கில்தான் இருக்கும், இருந்தும் திட்டும். காரணம், நிறைய வண்டிகளில் அது கையைத் தொட்டு உணர்வதில்லை, ஸ்டியரிங்கில் விழும் திருகலைத்தான் அளக்கிறது. நேர்ச்சாலையில் நீங்கள் அசையாமல் பிடித்திருந்தால் அதற்குக் கை இல்லாத மாதிரிதான். ஒரு கையின் எடையை லேசாக ஒரு பக்கம் சாய்த்துப் பிடித்துப் பாருங்கள், அடங்கிவிடும். இதற்காகத் தண்ணீர் பாட்டிலைக் கட்டித் தொங்கவிட்டு கையை எடுத்துவிடும் மேதைகளும் இருக்கிறார்கள். அவர்களுக்கு நான் எழுதவில்லை.

அடாப்டிவ் குரூஸை ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் கற்றுக்கொள்ளுங்கள்

முதல் முறையாக இதைப் பழக ஜிஎஸ்டி ரோடு வெள்ளிக்கிழமை மாலைக்குப் போகாதீர்கள். நான் போனேன். வண்டலூர்–மீஞ்சூர் வெளிவட்டச் சாலையில் ஞாயிறு காலை ஆறு மணிக்குப் போங்கள், அல்லது உங்கள் ஊர் பைபாஸ் எதுவோ அது. 80-ல் வைத்து, இடைவெளியை அதிகபட்சத்தில் வைத்து, முன்னால் ஒரு லாரியைப் பிடித்து அதன் பின்னாலேயே பத்து கிலோமீட்டர் போங்கள். அது எப்போது வேகம் குறைக்கிறது, எவ்வளவு மெதுவாகத் திரும்பப் பிடிக்கிறது என்பது உங்கள் உடம்புக்குத் தெரியவேண்டும், படித்துத் தெரியாது.

எல்லோரும் சொல்லும் குறை, 'இடைவெளி விட்டா எவனாவது உள்ள வந்துடுறான்' என்பது. வருவார்கள்தான். வந்தால் கார் மறுபடி பின்வாங்கும், மறுபடி இன்னொருவர். கணக்குப் போட்டுப் பார்த்தேன், திருச்சி வரைக்கும் முப்பது பேர் நுழைந்தாலும் நான் மொத்தமாகப் பின்தங்குவது இரண்டு நிமிடத்துக்குள். 100-ல் போகும்போது வண்டி ஒரு வினாடிக்கு 28 மீட்டர் ஓடுகிறது, அந்த இடைவெளி அலங்காரத்துக்கு இல்லை.

இதில் மிக முக்கியமான ஒரு குறையைச் சேல்ஸில் சொல்லமாட்டார்கள். ஓடிக்கொண்டிருக்கும் வண்டியைப் பார்ப்பதில் ரேடார் கெட்டி. நின்றுகொண்டிருப்பதில்தான் சிக்கல். பாலம், பெயர்ப்பலகை, தடுப்புக் கம்பி எல்லாமே 'நிற்கும் உலோகம்' என்பதால், எல்லாவற்றுக்கும் பிரேக் போட்டால் வண்டி ஓட்டவே முடியாது என்று நிற்கும் பொருள்களின் எதிரொலியில் பெரும்பகுதியை அது ஒதுக்கிவிடும். கேமரா கைகொடுக்கும், ஆனால் வேகம் கூடக்கூட நேரம் குறையும். நம் நெடுஞ்சாலையில் ராத்திரி விளக்கு இல்லாமல் ஓரத்தில் பாதி உடம்பை உள்ளே நீட்டி நிற்கும் லாரியை யோசித்துப் பாருங்கள், கம்பிகளைப் பின்னால் நீட்டிக்கொண்டு போகும் டிரெய்லரை யோசித்துப் பாருங்கள். குரூஸ் போட்டிருந்தாலும் அதைக் கண்டுபிடிக்க வேண்டியது நீங்கள்தான்.

ஆட்களும் அப்படித்தான். பாதசாரிகளைக் கண்டு பிரேக் போடும் வசதி பகலில் நன்றாக வேலை செய்கிறது, தெருவிளக்கு இல்லாத இருட்டில் அது இருப்பதற்கும் இல்லாததற்கும் வித்தியாசம் தெரியவில்லை என்று 2022-ல் ஐ.ஐ.எச்.எஸ்.ஸே சொல்லியிருக்கிறது. தை மாதம் பழனிக்குப் பாதயாத்திரை போகும் கூட்டம் விடியும் முன்பே சாலையோரம் நடக்கும். அந்தச் சமயத்தில் திண்டுக்கல் பக்கம் போகிறவர்கள் குரூஸை மறந்துவிட்டுக் காலால் ஓட்டுங்கள்.

சந்தனம், மாலை, எலுமிச்சை

வண்டி திடீரென்று 'முன் ரேடார் மறைக்கப்பட்டுள்ளது' என்று சொல்லி எல்லாவற்றையும் நிறுத்திவிட்டால் சர்வீஸுக்கு ஓடாதீர்கள், முதலில் இறங்கிப் போய் முன்பக்கம் பாருங்கள். ஆயுத பூஜைக்கு மறுநாள் எனக்கு இப்படி வந்தது. கிரில்லின் நடுவில் இருக்கும் வழவழப்பான கறுப்புத் தகடுதான் ரேடாரின் மூடி, அதற்கு நேர் மேலே அம்மா மூன்று விரலால் சந்தனம் பட்டையாக இழுத்து, நடுவில் குங்குமம் வைத்து, அதற்கு மேல் சம்பங்கி மாலை. முன்கண்ணாடியில் கேமராவுக்கு எதிரே இன்னொரு பொட்டு. ஈரத்துணியால் துடைத்ததும் சரியாகிவிட்டது. இப்போது பொட்டு பானெட்டில் ஓரமாக, மாலை பம்பருக்குக் கீழே. சாமி கோபித்துக்கொண்டதாகத் தெரியவில்லை.

சேறு, பூச்சி, கனமழை இதே வேலையைச் செய்யும். முன்னால் கம்பி கார்டு போடாதீர்கள், அது எப்படியும் சட்டப்படி கூடாது. கண்ணாடியின் மேல்பகுதியில் பெரிதாக ஸ்டிக்கர் ஒட்டவேண்டாம். கல் பட்டு முன்கண்ணாடி மாற்றினால், அல்லது பம்பரைக் கழற்றி வேலை பார்த்தால், கேமராவையும் ரேடாரையும் மறுபடி கேலிப்ரேட் செய்தாகவேண்டும், அதாவது சரியான திசையைப் பார்க்கும்படி அளந்து செட் செய்யவேண்டும். வெளியில் ஒரு கடையில் மலிவாகக் கண்ணாடி மாற்றினேன், அங்கே 'அதெல்லாம் தானா செட் ஆயிடும்' என்றார்கள், ஆகவில்லை, நேர்ச்சாலையில் கார் இடதுபக்கமாகவே ஒதுங்கியது. பில்லில் கேலிப்ரேஷன் என்று தனியாக ஒரு வரி இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள், இன்சூரன்ஸில் கேட்கும்போதும் அதைச் சேர்த்துக் கேளுங்கள்.

சாவியை இன்னொருவரிடம் கொடுக்கும் முன்

நீங்கள் பழகிவிடுவீர்கள். வீட்டில் மற்றவர்கள்? அப்பாவுக்கு நான் விளக்கிப் பார்த்தேன், எடுபடவில்லை. அம்பாசடர் ஓட்டிப் பழகிய கை, யாரும் சொல்லித்தருவது பிடிக்காது. கடைசியில் அவருக்கு லேன் எல்லாவற்றையும் அணைத்து, ஆட்டோ பிரேக்கை மட்டும் விட்டு, சத்தத்தைக் குறைத்துக் கொடுத்தேன். அது இருப்பதே அவருக்கு நினைவில் இல்லை. அப்படியே இருக்கட்டும்.

ஆக்டிங் டிரைவர் விஷயம்தான் நான் எதிர்பார்க்காதது. கல்யாணத்துக்குக் கும்பகோணம் போக ஒருவரைக் கூப்பிட்டிருந்தேன், நல்ல ஓட்டுநர், ஆனால் நான் எதுவும் சொல்லாமல் சாவியைக் கொடுத்துவிட்டேன். திண்டிவனம் தாண்டி இண்டிகேட்டர் போடாமல் வலப்பக்கம் ஏறினார், ஸ்டியரிங் இடப்பக்கம் இழுத்தது, அவர் முகம் வெளுத்து வண்டியை ஓரம்கட்டி இறங்கி டயரைச் சுற்றிப் பார்த்தார். "சார், ஸ்டியரிங் ராடு எண்டு போயிருச்சுனு நினைக்கிறேன்" என்றார். தப்பு அவருடையது இல்லை.

இப்போது யாரிடம் சாவி கொடுத்தாலும் மூன்று விஷயம் சொல்லிவிடுகிறேன்: லேன் மாறும்போது இண்டிகேட்டர் போடாவிட்டால் ஸ்டியரிங் இழுக்கும், கையை இறுக்கிப் பிடித்தால் உங்கள் சொல்தான் நிற்கும், சிவப்பாக எரிந்து கத்தினால் பிரேக்கில் கால், லேன் தொல்லையாக இருந்தால் இந்தப் பட்டன், மற்றதைத் தொடவேண்டாம். பட்டனைக் கையால் தொட்டுக் காட்டுங்கள், வாயால் சொன்னால் மறந்துவிடும். அதே டிரைவர் போன மாதம் மறுபடி வந்தார். சீட்டை முன்னால் தள்ளி, மிர்ரரைத் திருப்பி, சாவி போடும் முன்பே கேட்டார்: "சார், லேன் ஆன்ல இருக்கா, ஆஃப்ல இருக்கா?"